கட்டிக்கொண்டு தினமும் வாருங்கள் என்றாள் மங்கை

மங்கையின் வண்டியை லாரி அடித்துவிட்டது என்று டீக்கடை பாய் போன் செய்தபோது நான் ஒரு கல்யாண ரவிக்கைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரியைத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். மந்தாரக்குப்பம் போகிற சாலையில் சாம்பல் ஏற்றிய லாரி குறுக்கே நின்றிருந்தது. அவளுடைய மொபெட் அதன் முன்சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது. அவளை அதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். லாரி டிரைவர் மட்டும் அங்கே இருந்தான். அவனை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வடக்கிலிருந்து வந்தவன், தமிழ் தெரியாதவன். கும்பிட்ட கையின் மேலேயே ஹெல்மெட்டால் அடித்தார்கள். வாயிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் இறங்கியிருந்தது. அடித்தவர்களில் நம் பஜார்க்காரர்கள் சிலரும் இருந்தார்கள். மங்கை மேல் உள்ள பிரியத்தில்தான் அடித்தார்கள். யாரோ ஒருவருடைய பைக்கில் சேகர் வந்து இறங்கினார். மங்கையின் புருஷன். அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது. கூட்டத்துக்குள் இடது கையால் விலக்கிக்கொண்டு நுழைந்தார். அவருக்கும் முதுகில் இரண்டு அடி விழுந்தது.

“வுடுங்கடா அவன. யாரு தப்புன்னு பாத்தீங்களாடா நீங்க?” என்று கத்தினார்.

குறுக்கே புகுந்த ஒரு பைக்குக்காக அவள் வண்டியை ஒடித்திருக்கிறாள், சாலையோர மணலில் சறுக்கி லாரிக்கு அடியில் போயிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த பைக்காரன் நிற்கவே இல்லை. சேகர் டிரைவரை லாரி ஓரமாக உட்கார வைத்துக்கொண்டிருந்தபோதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.  அவர் போனை என்னிடம் கொடுத்தார். மங்கை போய்விட்டாள் என்பதை நான்தான் கேட்டுக்கொண்டேன்.

காரியத்தன்று பஜாரிலேயே படத்திறப்பு வைக்கிறார்கள். நாலு நல்ல வார்த்தை பேசுங்கள் என்று வியாபாரிகள் சங்கத்திலிருந்து என்னைக் கேட்டார்கள். அவள் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். ஒரே அறையை இரண்டாக்கி வாடகைக்கு விட்ட இடம் அது. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆனால் நல்ல வார்த்தைகளை மட்டும் சொன்னால் அது மங்கையைப் பற்றியதாக இருக்காது. பேச நின்றால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லையென்றால் உங்களைத் திட்டிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது படியுங்கள்.

மங்கை வளையமாதேவிக்கு அந்தப் பக்கத்து ஊர். நிலபுலன் உள்ள குடும்பம். சேகர் அதே ஊரின் காலனி. அவர் அப்பா இவர்கள் வயலில் கூலி வேலை பார்த்தவர். சேகர் பண்ருட்டியில் ஒரு கடையில் வாட்ச் வேலை கற்றுக்கொண்டு இங்கே மெயின் பஜாரில் தனியாகக் கடை போட்டார். சுரங்க டவுன்ஷிப்பில் டைப்பிங் படிக்க வந்த மங்கை வாட்சுக்கு வார் மாற்ற வந்தாள். பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். விருத்தாசலத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மந்தாரக்குப்பத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவரின் மகள் நான். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யார் என்ன சாதி என்று கேட்காமலே வளர்ந்துவிட்டேன். கேட்கிற ஊர் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில்தான் இருக்கிறது என்று அவள் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் ஷிப்ட் விட்டவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்ட மதியம். நான் மெஷினில் இருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சேகர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். பைக் ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. அடுத்து ஷோகேஸ் கண்ணாடி உடைந்தது. அதற்கடுத்து கறிக்கடையில் கேட்கிற ஒரு சத்தம். நான் எழுந்து வெளியே வந்தபோது ஹெல்மெட் போட்ட ஒருவன் கடைக்குள் நின்றுகொண்டு கொடுவாளை ஓங்கியிருந்தான். இன்னொருவன் ஹெல்மெட்டோடு பைக்கை அணைக்காமல் வைத்திருந்தான். முதல் வெட்டு தலைக்குத்தான் வருகிறது என்று நினைத்து சேகர் வலது கையைத் தூக்கி மறைத்திருக்கிறார். ஆனால் வெட்டியவன் குறி பார்த்ததே அந்தக் கையைத்தான். மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது வெட்டு தோளில்.

“இந்தக் கையிலதானடா தாலி கட்டுன?” என்றான்.

பாய் கடையிலிருந்து பிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு வந்த மங்கை அதைக் கேட்டாள். முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது. பிளாஸ்க்கைத் திறந்து கொதிக்கிற டீயை அவன் கழுத்தில் வீசினாள். அவன் கத்திக்கொண்டே ஓடி பைக்கில் ஏறினான். அவர்கள் போன பிறகுதான் அந்த வரிசையில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. உங்களில் பல பேருடைய ஷட்டர்கள். நான் கையில் அகப்பட்ட லைனிங் துணியையெல்லாம் சேகர் கையில் சுற்றினேன். மேசையில் பாதி கழற்றிய வாட்ச் ஒன்று ரத்தத்தில் மூழ்கிக் கிடந்தது. மங்கை அழவில்லை. “எங்கண்ணன்” என்று மட்டும் சொன்னாள். ஆட்டோவில் ஏற்றும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கை போகவில்லை, தைத்துவிட்டார்கள். விரல்கள்தான் செத்துவிட்டன. பார்க்க இருக்கும், மடங்காது, சுட்டால்கூடத் தெரியாது. வழக்கு நடந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். ஒரு முதுகும் ஒரு ஹெல்மெட்டும் என்பதற்கு மேல் நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் யாரும் எதையுமே பார்க்கவில்லை. அவள் அண்ணன் பழனிவேல் அன்று மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு விசேஷத்தில் பந்தியில் இருந்தான் என்று வரிசையாக ஆட்கள் வந்து சொன்னார்கள். கழுத்தில் இருந்த கொப்புளம் சமையல் பாத்திரம் பட்டதால் வந்ததாம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரலை எப்படி அடையாளம் சொல்கிறாய் என்று வக்கீல் மங்கையைக் கேட்டார்.

“என்னக் கூப்புட்டுக் கூப்புட்டு வளத்த கொரலுங்க அது,” என்றாள்.

அது போதவில்லை. விட்டுவிட்டார்கள். ஊரில் வெடி வெடித்ததாகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் எனக்கு இன்னும் பயம். வெட்டு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. இது முடியவில்லை. சேகர் கடைக்கு வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். ட்வீசரை வலது கையில் வைத்து இடது கையால் விரல்களை மூடிவிட்டுப் பார்ப்பார். விழுந்துவிடும். திரும்ப எடுப்பார். ஒருநாள் அந்தக் கையை மேசை விளிம்பில் ஓங்கி ஓங்கி அடிக்கத் தொடங்கினார். வலி தெரியாத கை என்பதால் நிறுத்த வேண்டிய இடமும் தெரியவில்லை. தோல் கிழிந்து ரத்தம் தெறித்தது. மங்கை தன் கையை நடுவில் வைத்தாள். அடுத்த அடி அவள் விரல்களில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் தடுப்பு தாண்டி எனக்குக் கேட்டது. சேகர் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதோடு அடிப்பது நின்றது. விரலில் போட்ட கட்டு பிரித்த பிறகு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டார்.

அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். நடந்தது அப்படியல்ல. அவர் கத்துவார், அவள் திருப்பிக் கத்துவாள். ஸ்பிரிங் தெறித்து எங்கோ போய்விட்டால் இரண்டு பேரும் தரையில் தவழ்ந்துகொண்டே சண்டை போடுவார்கள். ஒருமுறை அவர் இடது கையால் அவளை அறைந்தார். அவள் எழுந்து நின்று அவரைத் திருப்பி அறைந்துவிட்டு, உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் கை ஓங்கி நான் பார்க்கவில்லை, இரண்டு நாட்களைத் தவிர. அதற்கு வருகிறேன்.

நாளடைவில் அவள் சேகரைவிட நல்ல வேலைக்காரி ஆனாள் என்று சேகரே சொல்வார். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பழைய சாவி கொடுக்கிற வாட்சுகளைக் கொரியரில் அனுப்புவார்கள். அவள் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, எண்ணெய் வைத்து, திரும்பப் பூட்டிவிடுவாள். அதை அவள் வேலையாகவே கணக்கில் எடுக்க மாட்டாள். ஓட வைப்பது யாரும் செய்வார்கள், சரியாக ஓட வைப்பதுதான் வேலை என்பாள். உள்ளே ஆடுகிற சக்கரத்துக்கு மேல் முடி கனத்தில் ஒரு முள் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் வாட்ச் வேகமாக ஓடும், மறுபக்கம் தள்ளினால் மெதுவாகும். தள்ளுவது என்று சொல்வதே தப்பு. தொட்டும் தொடாமலும் ஒரு அசைவு, அவ்வளவுதான். பிறகு போனை வாட்ச் பக்கத்தில் வைத்து டிக் சத்தத்தைக் கேட்க விடுவாள். அது திரையில் கோடு போடும். முகம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்ப்பாள், கவிழ்த்துப் பார்ப்பாள், நிறுத்திப் பார்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஓட்டம் மாறும். சுரங்கத்தில் பெரிய மோட்டார்கள் பக்கம் வேலை செய்பவர்களின் வாட்சில் காந்தம் ஏறி அது கண்டபடி ஓடும். அதை முதலில் இறக்குவாள். இத்தனையும் முடிந்த பிறகும் உள்ளூர்க்காரர்களிடம் வாட்சைக் கொடுத்து, கட்டிக்கொண்டு போய் நாளைக்கு வாருங்கள் என்பாள். ஒருவர் கை வீசி நடப்பார், இன்னொருவர் கழற்றித் தலைமாட்டில் வைப்பார். “மேச மேல எல்லா வாட்சும் நல்ல வாட்சுதாங்க. கையில கட்னாதான் அது கொணம் தெரியும்,” என்பாள். இரண்டு மூன்று நாள் வரச் சொல்கிறாளே என்று முனகியவர்கள் இந்தப் பஜாரிலேயே இருக்கிறீர்கள்.

அவள் சாந்தமானவள் என்று யாராவது படத்திறப்பில் பேசப்போகிறீர்களா என்று தெரியவில்லை. பேசாதீர்கள். திருவிழாவுக்கு வசூல் கேட்டு நாலு பேர் வந்தது நினைவிருக்கும். அதில் ஒருவன் சேகரின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கை குடுங்க தலைவரே என்று சிரித்தபடி குலுக்கிக்கொண்டே இருந்தான். அந்தக் கை துணி மாதிரி ஆடியது. சேகர் கையை விடுவிக்கப் பார்த்தார், அவன் விடவில்லை. மங்கை ட்வீசரை அவன் புறங்கையில் இறக்கிவிட்டாள். அது உள்ளே போய் நின்றது. அவன் அலறினான்.

“உனுக்கு வலிக்குதில்ல? அவுருக்கு வலிக்காது. அதாண்டா வித்தியாசம்,” என்றாள்.

பிறகு கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளே ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் குத்தினேன் என்று சொல்லி உட்கார்ந்தாள். புகார் கொடுக்க அவர்கள் வருவதற்கு முன்பே போய்விட்டாள். செய்தால் செய்தேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானேக்கா என்றாள் என்னிடம். அவளுடைய அண்ணன் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை என்பதுதான் அவளை அறுத்துக்கொண்டே இருந்தது. கை போனதைவிட அது.

அப்பாவைப் பற்றி மட்டும் அவள் வேறு மாதிரி பேசுவாள். அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார் என்பாள். அவர் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை போய்வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அதன் பிறகு சில நாட்களில் இறந்தார். சாவுக்கு இவளுக்குச் சொல்லிவிடவில்லை.

அவர் இறந்த அடுத்த கோடையில், பழனிவேல் இந்தப் பஜாருக்கு வந்தான். நரைத்திருந்தான். கழுத்தில் அந்தத் தழும்பு காலர் ஓரத்தில் தெரிந்தது. கண்ணாடி மேல் ஒரு வாட்சை வைத்தான். அவர்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்திருந்தார்கள். நிலத்துக்குப் பதிலாக அவன் மகனுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைக்க வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மங்கையும் வாரிசு. இதெல்லாம் ஏற்கனவே ஆள் மூலம் அவளிடம் சொல்லி அனுப்பி அவள் பதில் சொல்லாமல் விட்டிருந்தாள். இப்போது நேரில் வந்திருக்கிறான், வெறும் கையோடு வரத் தெரியாமல்.

“அப்பா வாட்சு. நின்னு போச்சு. பாக்கணும்,” என்றான்.

சேகர் எழுந்து என் பக்கம் வந்துவிட்டார். மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.  தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் மங்கையின் குரல் எந்தக் கஸ்டமரிடமும் பேசுவது போலவே இருந்தது. எண்ணெய் காய்ந்திருக்கிறது, சர்வீஸ் செய்ய வேண்டும், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றாள். கூடப் பிறந்த அண்ணனை வாங்க போங்க என்றாள். அவனுக்கு அது அறைந்ததைவிட மோசமாக இருந்திருக்கும்.

வந்தான். வாட்ச் ஓடியது. அவன் கையெழுத்துப் பேச்சை எடுத்தான். மங்கை வாட்சைக் கொடுத்தாள்.

“மொதல்ல இது முடியட்டுங்க. கையில கட்டிக்கினு போயி நாளைக்கு வாங்க. எவ்ளோ தள்ளுதுன்னு பாக்கணும்.”

மறுநாள் வந்தான். அவள் வாட்சைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல், அன்னைக்கு வந்த பைக் யாருதுங்க என்று கேட்டாள். அவன் காதில் விழாதது போல இருந்தான். அவள் முள்ளை அசைத்தாள், மூடினாள், நாளைக்கு வாங்க என்றாள். அதற்கடுத்த நாள் கொடுவாள் யாருடையது என்று கேட்டாள். அவன் எழுந்து போய்விட்டான். ஆனால் மறுநாளும் வந்தான். மகனின் வேலை அவனை இழுத்து வந்தது. சேகரும் அதற்குள் திரும்பத் தன் ஸ்டூலுக்குப் போய்விட்டார். பழனிவேல் எதிரிலேயே இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போட்டார். பழனிவேல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படிப் பல நாள் போனது. ஒருநாள் அவன் போன பிறகு சேகர் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குத் தடுப்பு வழியாகக் கேட்டது.

“மொத ரெண்டு நாள்லயே அது சரியாயிடுச்சு. தெனம் நீதான் தள்ளி வுட்டுக்கினு இருக்க. எனுக்குக் காது இருக்குது மங்க.”

மங்கை இழுப்பறையை அறைந்து சாத்தினாள். சேகர் விடவில்லை.

“அந்தாளு மேல கோவம்னா அந்தாளு மேல காட்டு. வாட்சக் கெடுக்காத.”

அன்றுதான் அவர்களுக்குள் பேச்சு நின்றது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை இல்லாமல். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போதும், அவனை அனுப்பிவிடு என்று நானும் சொன்னேன். “அவன் வாயால வரட்டுங்க்கா, அனுப்பிடறேன்,” என்றாள்.

வந்தது. அடுத்த நாள் மாலை, பஜார் நிறைந்திருந்த நேரம். எத்தனை நாள்தான் அலைய விடுவாய் என்று பழனிவேல் சீறினான். நான் மெஷினை நிறுத்திவிட்டு, கையிலிருந்த கத்தரியோடு அவர்கள் கடை வாசலுக்கு வந்தேன். வெட்டியது யார் என்று சொல்லுங்கள், இன்றோடு முடிந்துவிடும் என்றாள் மங்கை. அவன் சேகரைப் பார்த்தான். அந்தக் கையைப் பார்த்தான். முதல்முறையாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

“நாந்தான் வெட்டுனேன். தெரியாத மாரி கேக்குற.”

 அவள் இதோடு விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விடவில்லை. ஆனால் குரல் மாறிவிட்டது.

“அண்ணா,” என்றாள். எத்தனையோ வருஷம் கழித்து. “அப்பாவுக்குத் தெரியுமா?”

 இவளைக் குத்த வேறு ஒன்றும் கையில் இல்லாதவன் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது போலச் சொன்னான்.

“கொடுவாளத் தீட்டி என் கையில குடுத்ததே அவுருதான். தலையில போடாத, கையில போடுன்னாரு.”

  மங்கை வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். லென்ஸுக்குள் கண்ணீர் நிறைந்து அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கழற்றித் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டாள். முள்ளை அசைத்தாள். போனில் பார்க்கவில்லை, சேகரின் காதருகே பிடித்தாள். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மூடியை அழுத்தி மூடி, துணியால் துடைத்து அவனிடம் வைத்தாள்.

“இனிமே சரியா ஓடும். வர வேணாம்.”

“கையெழுத்து?” என்றான்.

“எனுக்குச் சாட்சிக் கையெழுத்து எம் புருஷன் போடணும். வலது கையில போட்டு எனுக்குக் காட்டச் சொல்லு. நானும் போடறேன்.”

அவன் கண்ணாடி மேல் கையை ஊன்றித் தாவி அவள் தலைமுடியைப் பிடித்தான். முகத்தை அப்படியே ஷோகேஸ் மேல் அடித்தான். கண்ணாடி உடைந்து உள்ளே இறங்கியது. திரும்பத் தூக்கி அடித்தான். சேகர் இடது கையால் அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துத் தொங்கினார். அவன் முழங்கையால் சேகரின் வாயில் இடித்தான். நான் கத்தரியோடு உள்ளே போனேன். அவன் பிடித்துத் தள்ளியதில் என் கத்தரி என் உள்ளங்கையையே கிழித்தது. அதற்குள் டீக்கடை பாய் வந்துவிட்டார். பூக்கடைக்காரர், செருப்புக் கடைக்காரர், நீங்களெல்லாம் வந்துவிட்டீர்கள். அவனை வாசலுக்கு இழுத்துப் போட்டு மிதித்தீர்கள். விலா உடைகிற வரை மிதித்தீர்கள்.

மங்கை எழுந்து வாசலுக்கு வந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியிருந்தது. கன்னத்தில் ஒரு கண்ணாடித் துண்டு குத்தி நின்றது.

“போதும். வுடுங்க,” என்றாள். “போலீசக் கூப்புடுங்க. இவுரு பேரு பழனிவேல், எங்கண்ணன். என்ன அடிச்சத எல்லாரும் பாத்தீங்க. இந்தத் தடவ பாத்தீங்க.”

 அதைக் கோர்ட்டில் சொன்னீர்கள். வரிசையாக வந்து சொன்னீர்கள். பழைய வழக்கு முடிந்தது முடிந்ததுதான். இந்த வழக்கில் அவன் உள்ளே போனான்.

அவன் உள்ளே இருந்தபோது அவன் மனைவியும் மகனும் வந்தார்கள். மகன் டிப்ளமோ முடித்தவன். நிலம் போய்விட்டது, வேலையும் இல்லை. அவன் மங்கையிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகச் சேகரிடம் போய், மாமா என்று கூப்பிட்டு, அப்பா செய்தது எனக்குத் தெரியும் என்றான். அவ்வளவுதான் சொன்னான். சேகர் அவனிடமிருந்து பேப்பரை வாங்கி, சாட்சிக் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், இடது கையால், குழந்தை எழுதுவது போலத் தன் பெயரை எழுதினார். மங்கை அப்போது கொதித்தது போல நான் என்றும் பார்த்ததில்லை. ஸ்டூலை எட்டி உதைத்தாள். உன் கைக்காகத்தானேடா இவ்வளவும் என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். டா என்று அவள் அவரைச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

“கை என்னுது மங்க,” என்றார் சேகர். “அந்தப் பையன் வெட்டல.”

அவள் எழுந்து வெளியே போய் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணியும் பையனும் தலை குனிந்து நின்றார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அழுதது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள். அதை மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளலாமே என்றேன். கேட்டால் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும் என்றாள். பிறகு வந்து கையெழுத்துப் போட்டாள். பையனின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. ஆனால் அவன் வேலையில் சேர்ந்த பிறகு, ஷிப்ட் முடிந்து வரும்போது கடை வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். சில நாள் அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வருவாள்.

அவளை எடுத்த அன்று மந்தாரக்குப்பம் வீட்டு வாசலில், தண்டனை முடிந்து வெளியே வந்திருந்த பழனிவேல் வந்து நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். பாடையைத் தூக்கும் நேரம், தோள் கொடுக்க முன்னால் வந்தான். கூட்டத்தில் சிலர் சட்டைக் கையை மடித்ததையும் நான் பார்த்தேன். ஒருவர் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டார். அவன் தடுமாறி விழுந்து எழுந்து, அங்கேயே நின்றான். சேகர் குறுக்கே வந்தார்.

“அடிக்காதீங்க. வரட்டும். தோளு மட்டும் குடுக்க வேணாம்,” என்றார்.

அண்ணன் மகன்தான் முன்பக்கம் தோள் கொடுத்தான். பழனிவேல் சுடுகாடு வரைக்கும் எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தான். நெருப்பு பிடித்த பிறகு அவன் வாய் விட்டு அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. நானும் போகவில்லை.

படத்திறப்பு மேடையில் நீங்கள் அவளுடைய உழைப்பைச் சொல்வீர்கள், கைத்திறனைச் சொல்வீர்கள். எல்லாம் உண்மை, எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அவளுடைய கோபம். யார் செய்தது என்று பெயர் சொல்லிக் கேட்கிற கோபம், பதில் வருகிற வரை எழுந்து போகாத கோபம். எனக்கு வயதாக வயதாகக் கோபம் குறைந்துகொண்டே வந்தது. அது நல்லதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். இனி அப்படி நினைக்க மாட்டேன்.